கசப்பில் தொடங்கும் சாப்பாடு

பொங்கலுக்குக் கொல்கத்தா வருகிறேன் என்று போனில் சொன்னதும் நண்பரின் மனைவி பௌதி ஏமாற்றத்தை மறைக்கவே இல்லை. "என்னண்ணா, ஆடி ஆவணில வந்தா இலிஷ் கிடைக்கும். தை மாசத்துல வந்து என்ன சாப்பிடுவீங்க?" இலிஷ் என்றால் ஹில்சா. நம் மீனவர்கள் உள்ளம் என்பார்கள். கோதாவரிக்காரர்கள் புலசா என்று தலையில் வைத்துக் கொண்டாடுவார்கள். மழைக்காலத்தில் கடலை விட்டு ஆற்றில் ஏறி வரும்போதுதான் அதற்கு ருசி. பௌதிக்குப் பின்னாலிருந்து நண்பரின் குரல் கேட்டது: "இலிஷ் இல்லன்னா என்ன, குர் இருக்கு, பச்சைப் பட்டாணி கோச்சுரி இருக்கு, காலிஃப்ளவர் இருக்கு. வரச் சொல்லு!" அப்புறம் இருவரும் போனை மறந்துவிட்டு வங்காளத்தில் சண்டை போட ஆரம்பித்தார்கள். நான் காதில் வைத்தபடியே இருந்தேன். எனக்கு அந்தச் சண்டை பழக்கமானதுதான்.

நங்கநல்லூரில் ஒரு மாடி போர்ஷனில் அவர்கள் குடியிருந்த காலத்திலிருந்து கேட்டு வருகிறேன். நண்பர் மத்திய அரசு வேலையில் மாற்றலாகிச் சென்னைக்கு வந்தவர். கீழ் வீட்டில் வீட்டுக்காரர் சுத்த சைவம். அட்வான்ஸ் வாங்கும்போதே மீன், முட்டை கூடாது என்று சொல்லிவிட்டார். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் புருஷனும் பெண்டாட்டியும் நைலான் பையும் கடுகெண்ணெய்ப் பாட்டிலுமாக ஆதம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். கடுகெண்ணெய் வாடை ஒட்டிக்கொள்ளும் என்று என் மனைவி அதற்கென்று தனியாக ஒரு வாணலி ஒதுக்கி வைத்திருந்தாள். சமையல் பாதி, வாக்குவாதம் பாதி. சாப்பிட்டு முடிக்க மூன்று மணியாகும்.

வாக்குவாதத்துக்கு வரலாறு உண்டு. நண்பர் குடும்பம் தலைமுறை தலைமுறையாக வட கொல்கத்தா. அவர்களை கொட்டி என்பார்கள். பௌதியின் பெற்றோர் தேசப் பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்காளத்தின் பாரிசாலிலிருந்து வந்து, ஜாதவ்பூர் பக்கம் அகதிகள் எழுப்பிக்கொண்ட காலனிகளில் ஒன்றில் குடியேறியவர்கள், அவர்கள் பாங்கால். கொட்டிகள் பருப்பிலும் சர்க்கரை போடுவார்கள் என்பது பாங்கால்களின் புகார். பாங்கால்கள் மிளகாயையும் கருவாட்டையும் கொண்டு நாக்கைச் சுட்டுக்கொள்கிறவர்கள் என்பது கொட்டிகளின் பதில். கொட்டிக்கு இறால், பாங்காலுக்கு இலிஷ். 1889இல் தொடங்கிய மோகன் பகான் கால்பந்து கிளப் கொட்டிகளுடையது. 1920இல் தொடங்கிய ஈஸ்ட் பெங்கால் பாங்கால்களுடையது. இரண்டும் மோதும் நாளில் எந்தக் கட்சி ஜெயிக்கிறதோ அந்தக் கட்சியின் மீனுக்குச் சந்தையில் கிராக்கி. இந்த இரண்டு கட்சியும் ஒரே சமையலறையில் இருப்பதுதான் நண்பர் வீடு.

புவனேஸ்வரில் ஒரு வேலை இருந்தது. அங்கிருந்து ஓர் இரவுப் பயணம்தான் என்பதால் கிளம்பிவிட்டேன். பொங்கலன்று வீட்டில் இல்லாததற்கு மனைவி இன்னும் சொல்லிக்காட்டுகிறாள், அது வேறு விஷயம். அவளே கட்டிக்கொடுத்த பையில் பௌதி கேட்டவை எல்லாம் இருந்தன: காபிப் பொடி, அப்பளம், முறுக்கு, ஒரு பெரிய பொட்டலம் சுண்டைக்காய் வற்றல்.

ஹாத்திபகான் பக்கத்தில் ஒரு சந்துக்குள் வீடு. சிவப்புச் சிமெண்ட் தரை, பச்சை வர்ணம் அடித்த மர ஜன்னல்கள், வாசலில் திண்ணை. திண்ணையை அவர்கள் ரோயாக் என்கிறார்கள். அதில் காலையிலேயே நாலு பேர் மங்கி கேப் மாட்டிக்கொண்டு பேப்பரைப் பிரித்துப் பகிர்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். குளிர் பதிமூன்று டிகிரி இருக்கும். கொல்கத்தாக்காரர்கள் அதற்கே இமயமலை ஏறப்போகிறவர்கள் மாதிரி உடுத்தியிருந்தார்கள்.

மறுநாள் காலை நண்பர் என்னை மாணிக்தலா சந்தைக்கு அழைத்துப் போனார். அங்கே சந்தைக்குப் போவது ஆண்களின் வேலை. வேலை என்பதைவிட உரிமை என்று சொல்லலாம். ரிட்டயர் ஆன பிறகு அவருக்குக் கையில் இருக்கும் ஒரே அதிகாரம் அதுதான் என்று பௌதி சொல்வார். மீன் பகுதியில் உயரமான மேடைகளில் வியாபாரிகள் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். தலைக்கு மேல் குண்டு பல்புகள். தட்டுகளில் ரூயி, கட்லா, பாப்தா, டெங்ரா; தண்ணீர் ஊற்றிய அலுமினியப் பாத்திரங்களில் உயிரோடு துள்ளும் பனையேறிக் கெண்டை. நண்பர் முதல் சுற்றில் எதையும் வாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் போல நடந்து வந்தார். இரண்டாம் சுற்றில்தான் கை நீண்டது. செவுளைத் தூக்கி நிறம் பார்த்தார், வயிற்றை ஒரு விரலால் அழுத்தி, குழி திரும்ப எழுகிறதா என்று பார்த்தார். ஒரு பெரிய கட்லாவைக் காட்டி, "இது சாலானி" என்று முகத்தைச் சுளித்தார். சாலானி என்றால் ஐஸில் வைத்து வெளியூரிலிருந்து வருவது. பெரும்பாலும் ஆந்திராவிலிருந்து வரும். "நீ வந்த அதே தண்டவாளத்து வழியிலதான் இதுவும் வந்திருக்கு. ஆனா நீ கெடாம வந்துட்ட."

அவருக்கு வேண்டியது பேரி மீன். ஊருக்குக் கிழக்கே இருக்கும் பெரிய ஆழமில்லாத குளங்களுக்குப் பேரி என்று பெயர். கொல்கத்தாவின் சாக்கடைத் தண்ணீர் கால்வாய் வழியாக அங்கே போய், வெயிலிலும் பாசியிலும் தெளிந்து, மீனுக்குத் தீனியாகிறது. ஊருக்குத் தனியாகப் பெரிய சுத்திகரிப்பு ஆலை தேவைப்படாமல் இந்தக் குளங்களே அந்த வேலையைச் செய்கின்றன என்று ஆண்டாண்டு காலம் எழுதியும் வாதாடியும் வந்தவர் த்ருபஜோதி கோஷ் என்ற பொறியாளர். 2002இல் கிழக்குக் கொல்கத்தா ஈரநிலம் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ஊர் குளித்த தண்ணீரில் வளர்ந்த மீனா என்று எனக்கு ஒரு கணம் தொண்டை அடைத்தது நிஜம். நண்பர் கவலைப்படவில்லை. "தண்ணி எங்கிருந்து வந்தா என்ன, மீன் காலைல உயிரோட இருந்துச்சா, அதைச் சொல்லு."

மீன் வெட்டுவதை நின்று பார்த்தேன். கத்தியைக் கையில் எடுப்பதே இல்லை. நம் அரிவாள்மணை போலத்தான், ஆனால் ஓர் ஆள் முழங்கை நீளத்துக்கு வளைந்து நிற்கும் இரும்பு, பொன்ட்டி என்பார்கள். கட்டையை ஒரு காலால் மிதித்துக்கொண்டு மீனை இரண்டு கையாலும் அதன்மேல் தள்ளுகிறார்கள். செதில் பறந்தது. பித்தப்பையை மட்டும் இரண்டு விரலில், உடையாமல், பஞ்சு எடுப்பது போல எடுத்துப் போட்டார் அந்த ஆள். கொழுப்பை எறியவில்லை, அதைத் தனியாக ஒரு இலையில் மடித்துக் கொடுத்தார், கடலைமாவில் பிசைந்து வடை தட்டுவார்களாம். வயிற்றுத் துண்டு பேட்டி, முதுகுத் துண்டு காதா. எது எத்தனை என்று நண்பர் எண்ணி வாங்கினார். பேட்டி விருந்தாளிக்கு. தலையை இரண்டாகப் பிளந்து பருப்புக்கு.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அதிபதி மாஷிமா, நண்பரின் அம்மா. எண்பதைத் தாண்டியவர். சமையல் பௌதி கைக்குப் போய்விட்டாலும் பரிமாறும் வரிசையை மாஷிமா இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. வெண்கலத் தட்டில் நடுவே சோறு. ஓரத்தில் உப்பு, ஒரு துண்டு எலுமிச்சை, பச்சைமிளகாய். சுற்றிக் கிண்ணம் கிண்ணமாக எல்லாம் வந்துவிடும் என்று நினைத்தால் இல்லை. ஒன்று முடிந்தால்தான் அடுத்தது வரும். முதலில் கசப்பு. சுக்தோ என்று பாகற்காய், வாழைக்காய், முருங்கைக்காய், கத்தரி, சர்க்கரைவள்ளி எல்லாம் போட்டு, உளுந்து வடகத்தைப் பொரித்துச் சேர்த்து, கடைசியில் பால் விட்டு இறக்கும் ஒரு கூட்டு. தேங்காய் இல்லாத, கசக்கிற அவியல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதோடு கொஞ்சம் சோறு. அப்புறம் பருப்பும் ஒரு பொரியலும், அதற்கு இன்னும் கொஞ்சம் சோறு. அப்புறம் கசகசா அரைத்த உருளைக்கிழங்கு. அதற்கும் பிறகுதான் மீன். பருப்பு இருக்கும்போதே நான் மீன் கிண்ணத்தைப் பார்த்தேன். மாஷிமா ஏதோ சொன்னார். பௌதி மொழிபெயர்த்தார்: "அவசரப்படாதே, அது எங்கயும் நீந்திப் போயிடாதுன்னு சொல்றாங்க."

நம் இலையிலும் சாம்பார், ரசம், மோர் என்று வரிசை இருக்கிறது. ஆனால் நமக்குச் சுற்றியிருக்கிற கூட்டும் பொரியலும் ஊறுகாயும் எதனோடும் சேரும். ஒரு கவளத்தில் நாலு ருசி இருந்தால்தான் நமக்குத் திருப்தி. அங்கே ஒரு கவளத்துக்கு ஒரு ருசி. கடுகு விழுதில் வேகவைத்த மீனோடு வேறு எதையும் சேர்ப்பதை மாஷிமா அவமரியாதையாகவே எடுத்துக்கொள்வார். முதல் நாள் எனக்கு இது பொறுமைச் சோதனையாக இருந்தது. போகப்போக, ஒவ்வொரு பொருளும் தன் முறை வரும்வரை காத்திருப்பதில் ஒரு சுகம் இருப்பது தெரிந்தது. அப்பளத்தை மட்டும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. சாப்பாட்டின் கடைசியில், தக்காளியும் பேரீச்சையும் போட்ட இனிப்புச் சட்னியோடு அப்பளம் வருகிறது. அதற்குள் எனக்கு அப்பள ஆசையே போய்விடுகிறது.

சுண்டைக்காய் வற்றலை பௌதி நெய்யில் வறுத்து வைத்திருந்தார், நங்கநல்லூரில் கற்றபடி. வத்தக்குழம்பு வைக்கத்தான் எடுத்தார். மாஷிமா ஒன்றை வாயில் போட்டு மென்றார், முகம் மலர்ந்தது. "தேத்தோ!" கசப்பு. உடனே அதற்கு இடம் கொடுத்துவிட்டார்: சாப்பாட்டின் முதல் வரிசையில், சூடான சோற்றில் நெய்யோடு. குழம்பில் போடக்கூடாது என்று தடையும் போட்டார். பங்குனி வாக்கில் வேப்பங்கொழுந்தைக் கத்தரிக்காயோடு வறுத்து முதல் கவளமாகச் சாப்பிடுகிற வீடு அது. நாம் கசப்பைப் புளிக்குள் ஒளித்து வைக்கிறோம். அவர்கள் வாசலிலேயே நிறுத்தி வைக்கிறார்கள். பௌதிக்கு வத்தக்குழம்பு கைவிட்டுப் போன வருத்தம். என்னிடம் ரகசியமாகச் சொன்னார்: "பாதியை எடுத்து ஒளிச்சு வெச்சிட்டேன் அண்ணா."

சாயங்காலங்கள் காலேஜ் ஸ்ட்ரீட்டில் போயின. இருபுறமும் பழைய புத்தகக் கடைகள். நடுவில் ஒரு மாடிப்படி ஏறினால் இந்தியன் காபி ஹவுஸ். ஆல்பர்ட் ஹால் என்ற பழைய கட்டடம். 1942இல் அங்கே காபி போர்டு கடை திறந்தது. 1958இல் மூடப்போக, பேராசிரியர்கள் மனுப்போட்டுத் திறக்க வைத்தார்கள். இப்போது தொழிலாளர் கூட்டுறவின் கையில் இருக்கிறது. உயரமான கூரை, நீளக் கம்பியில் தொங்கும் மின்விசிறிகள், சுவரில் தாகூர் படம், வெள்ளை உடுப்பும் தலைப்பாகையுமாகச் சர்வர்கள். சத்யஜித் ராயும் அமர்த்தியா சென்னும் உட்கார்ந்த இடம் என்று எல்லாரும் சொல்வார்கள். எந்த மேஜை என்று கேட்டால் ஆளுக்கொரு மேஜையைக் காட்டுவார்கள்.

காபியைப் பற்றி உண்மையைச் சொல்லிவிட வேண்டும். சுமார்தான். பால் விடாத கறுப்புக் காபிக்கு இன்ஃப்யூஷன் என்று பெயர், அதுவும் சுமார். கும்பகோணத்தில் இதைக் கொடுத்தால் டம்ளரைத் திருப்பி வைப்பார்கள். ஆனால் அங்கே யாரும் காபிக்காக வரவில்லை. ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்காரலாம். எழுந்து போ என்று யாரும் சொல்வதில்லை. நண்பரின் கூட்டாளிகள் மூவர் ஏற்கெனவே மேஜை பிடித்திருந்தார்கள்: ஒரு ரிட்டயர்டு பேராசிரியர், ஒரு பழைய யூனியன்காரர், சிறுபத்திரிகை நடத்தி நஷ்டப்பட்டு இன்னும் நடத்துகிற ஒருவர். அன்றைய வழக்கு, ஆற்று மீனா கடல் மீனா என்பது. எனக்காகவே எடுத்தார்கள் என்று நினைக்கிறேன். கடலோரத்துக்காரன் நீ சொல் என்றார்கள். வஞ்சிரத்தைப் பற்றிச் சொன்னேன்: தடிமனான வட்டத் துண்டு, நடுமுள் ஒன்றே ஒன்று, தோசைக்கல்லில் மிளகாய்ப்பொடி தடவிப் போட்டால் எப்படி இருக்கும் என்று விவரமாகவே சொன்னேன். மூவரும் அமைதியாகக் கேட்டார்கள். பேராசிரியர் தலையை ஆட்டி, "முள்ளே இல்லாத மீனை எப்படி ரசிப்பீர்கள்?" என்று பரிவோடு கேட்டார். முள்ளைப் பிரித்தெடுக்க நாக்கு படும் பாடுதான் மீன் ருசியாம். யூனியன்காரர் அவருக்கு எதிர்க்கட்சி; முள் என்பது நிலப்பிரபுத்துவ மனோபாவம் என்றார். இப்படி ஒன்பது மணி வரை போயிற்று. இடையில், முட்டையை நூல்வலை போலப் பொரித்துப் போர்த்திய கோழி கபிராஜி கட்லெட்டுகள் வந்து தீர்ந்தன. அது நன்றாகவே இருந்தது.

எதிர்ப்புறம் காலேஜ் ஸ்கொயர் ஓரமாக பாரமவுண்ட் என்ற சர்பத் கடை. 1918இல் தொடங்கியது. சுதந்திரப் போராட்ட இளைஞர்கள் சர்பத் குடிக்கிற சாக்கில் கூடிப் பேசிய இடம். அங்கே டாப் சர்பத் குடிக்க வேண்டும். இளநீரில் சர்பத் கலந்து, வழுக்கையைத் துண்டு துண்டாகப் போட்டு, ஐஸோடு தருகிறார்கள். செய்முறை சொன்னவர் வேதியியல் மேதை பிரபுல்ல சந்திர ராய் என்று கடையில் பெருமையாகச் சொல்கிறார்கள். இளநீரைச் சீவியதும் அப்படியே குடிக்கிற ஊரிலிருந்து போகிறவனுக்கு இது தேவையா என்று தோன்றும். தேவைதான், இரண்டாவது டம்ளரும் வாங்கினேன். வெளியே வந்ததும், குளிருக்கு, மண் குவளையில் டீ. சூடு பட்டதும் குவளையிலிருந்து புதுமண் வாசம் எழும்பும். அந்த முதல் வாய்க்குத்தான் காசு. குடித்துவிட்டுக் குவளையைக் கூடையில் போட்டு உடைக்க வேண்டும். எனக்குக் கடைசிவரை மனசு வரவில்லை. நண்பர்தான் வாங்கி உடைத்துக்கொண்டிருந்தார்.

மாஷிமா தூங்கிய பிறகு மொட்டை மாடியில் ஓல்டு மாங்க். பௌதி பெட்கி மீனை ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்துத் தட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டு, அவரும் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். தொட்டுக்கொள்ளக் காசுந்தி, அதாவது புளிக்க வைத்த கடுகுச் சாந்து. மூக்கு வழியாக ஏறி நெற்றிக்குப் போகும். கடுகெண்ணெய் வாடையை இத்தனை வருஷமாக நான் சகித்துக்கொண்டுதான் வந்திருக்கிறேன். காசுந்தி மட்டும் முதல் நாளே பிடித்துப்போயிற்று.

பிரியாணியைப் பற்றி எழுதாவிட்டால் கொல்கத்தாக்காரர்கள் மன்னிக்க மாட்டார்கள். அவத் நாட்டை வெள்ளைக்காரன் பிடுங்கிக்கொண்டதும், நவாப் வாஜித் அலி ஷா 1856இல் கொல்கத்தாவுக்கு வந்து மெட்டியாபுருஸில் தங்கினார். 1887இல் சாகும்வரை அங்கேயே தன் லக்னோவைக் கட்டிக்கொண்டு வாழ்ந்தார். அவர் சமையற்காரர்கள் வழிவந்ததுதான் இந்த ஊர்ப் பிரியாணி. அதில் ஒரு பெரிய உருளைக்கிழங்கு முழுசாகப் புதைந்து கிடக்கும். பணக் கஷ்டத்தில் கறிக்குப் பதில் போட்டது என்று ஒரு கதை. இல்லை, அந்தக் காலத்தில் உருளைக்கிழங்குதான் புதுமைப் பொருள் என்று மறுப்பு. காபி ஹவுஸில் இதற்கும் இரண்டு கட்சி உண்டு. தாழம்பூ மணமும் மெலிந்த மசாலாவுமாக இருந்த அதைச் சாப்பிடும்போது என் நாக்கு ஆம்பூரைத் தேடியது. கறிச்சாறு முழுவதையும் குடித்து நெய் மினுங்க உட்கார்ந்திருந்த அந்தக் கிழங்கை மட்டும் இன்னொன்று கேட்டு வாங்கினேன்.

இந்த ஊரின் நல்ல சாப்பாட்டில் பாதி, ஊரை இழந்து வந்தவர்கள் கொண்டுவந்தது. நியூ மார்க்கெட்டில் இருக்கிற நாஹூம் பேக்கரி 1902இல் தொடங்கியது, பாக்தாத் யூதர்களுடையது. அந்தச் சமூகம் இன்று கைவிரலில் எண்ணுகிற அளவுக்குச் சுருங்கிவிட்டது, கிறிஸ்துமஸ் கேக்குக்கு வரிசை மட்டும் நீண்டுகொண்டே போகிறது. ஞாயிறு விடியற்காலையில் டிரெட்டி பஜாரில் சீனக் குடும்பங்கள் விற்கிற மீன் உருண்டை சூப்பும் பன்றிக்கறி பன்னும் அப்படித்தான். 1962 போரின்போது பிடித்துக்கொண்டு போய் ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டவர்களும் அந்தச் சமூகத்தில் உண்டு. அதற்குப் பிறகு பலர் கனடா பக்கம் போய்விட்டார்கள். இப்போது அங்கே சாப்பிட வருகிறவர்களைவிடப் படம் எடுக்க வருகிறவர்கள் அதிகம். நாங்கள் சீக்கிரமே திரும்பிவிட்டோம்.

சங்கராந்தியன்று வீடு வேறு மாதிரி இருந்தது. நமக்கு அன்று தை பிறக்கிறது. அவர்களுக்குப் பௌஷ் மாதத்தின் கடைசி நாள். கங்கா சாகருக்குப் போகும் சாதுக்கள் பாபுகாட்டில் குவிந்திருந்தார்கள். வீட்டில் புது அரிசி மாவு, தேங்காய், வெல்லம். பௌதி கல்லில் மெல்லிசாக மாவு ஊற்றி, உள்ளே தேங்காய்ப் பூரணம் வைத்துச் சுருட்டினார், அது பாட்டிஷாப்டா. மாஷிமா பூரணக் கொழுக்கட்டையாகவே பிடித்துச் சுண்டின பாலில் போட்டார். அது துத் புலி. பொங்கல் பானை இல்லாத குறையை பௌதி உணர்ந்தாரோ என்னவோ, ஒரு சின்னப் பாத்திரத்தில் சர்க்கரைப் பொங்கலும் வைத்துவிட்டார். முந்திரி நிறைய, நெய் நிறைய. ஆனால் அதில் அவர் போட்டது நோலேன் குர்.

இந்த வெல்லத்துக்காகத்தான் நண்பர் என்னைக் குளிர்காலத்தில் வரச் சொன்னது. ஈச்ச மரத்திலிருந்து எடுப்பது. நாம் ஈச்சம்பழம் பொறுக்கித் தின்றதோடும் பாய் முடைந்ததோடும் விட்டுவிட்ட மரம். பனையில் பாளையைச் சீவுவோம். அவர்கள் கொண்டைக்குக் கீழே மரத்தின் உடம்பையே ஒரு பக்கம் சீவி, மூங்கில் குச்சி சொருகி, பொழுது சாயும்போது சட்டி கட்டுகிறார்கள். நம் பதநீர் புளிக்காமல் இருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவோம். அங்கே அந்த வேலையைக் குளிர் பார்த்துக்கொள்கிறது. விடிவதற்கு முன் இறக்கிக் காய்ச்சிவிட வேண்டும், வெயில் ஏறினால் கள்ளாகிவிடும். தினமும் சீவ மாட்டார்கள். மரத்துக்கு இரண்டு மூன்று நாள் ஓய்வு கொடுத்து எடுக்கும் முதல் சாறுதான் உயர்ந்தது. கடைகளில் பாதி, சர்க்கரை கலந்தது. நண்பர் சந்தையில் வட்டு வெல்லத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார்; நல்லது மெத்தென்று உள்ளே போகும், சர்க்கரை கலந்தது கல் மாதிரி மினுங்கும்.

அந்த வெல்லம் போட்ட சந்தேஷுக்கு, ஹெதுவா பக்கம் 1844 முதல் இருக்கிற நகூர் கடைக்கு நடந்தே போனோம். கம்பி அழிக்குப் பின்னால் இருந்து கொடுக்கிறார்கள். இளம்பாகு, கெட்டிப்பாகு என்று இரண்டு வகை. பாலைத் திரித்து வடிகட்டிய சேனாவை அடுப்பில் எவ்வளவு நேரம் கிளறினார்கள் என்பதுதான் வித்தியாசம். இளம்பாகு நாக்கில் வைத்தால் கரையும். பாக்பஜாரின் நோபின் சந்திர தாஸ் 1868இல் ரசகுல்லா செய்த கதையை நண்பர் சொன்னார். 2017இல் வங்காள ரசகுல்லாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது சந்துக்குள் வெடி வெடித்தார்களாம். 2019இல் ஒடிசா தன் ரசகுல்லாவுக்கும் வாங்கிவிட்டதை அவர் சொல்லவில்லை, புவனேஸ்வரிலிருந்து வந்த நான் நினைவுபடுத்தினேன். "அது வேற பண்டம்" என்று முடித்துவிட்டார். 1965இல் பால் தட்டுப்பாடு என்று அரசாங்கம் சேனா இனிப்புகளுக்கே தடை போட்டிருக்கிறது. விவகாரம் ஐகோர்ட் வரை போயிற்று. அப்போது மாஷிமா வீட்டில் பின்வாசல் வழியாகச் சந்தேஷ் வந்ததாம். பெரிய புரட்சிக்காரி மாதிரி அதைச் சொன்னார்.

கிளம்புவதற்கு முன்னால் பௌதி என்னைத் தெற்கே லேக் மார்க்கெட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். தமிழர்கள் வந்து குடியேறிய பழைய பகுதி. கறிவேப்பிலை, வாழையிலை, மல்லிகைச் சரம், புதிதாக அரைத்த காபிப் பொடி எல்லாம் கிடைக்கும். எனக்கு ஊர் ஞாபகம் வந்திருக்கும் என்பது அவர் சொன்ன காரணம். மினி இட்லியும் டிகிரி காபியும் அவரே இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டதைப் பார்த்தால் யாருக்கு ஞாபகம் வந்தது என்று தெரிந்தது. "நங்கநல்லூர் ஆஞ்சநேயர் கோவில் பக்கத்துல ஒரு மாமி வடை போடுவாங்களே, இருக்காங்களா?" என்று கேட்டார். விசாரித்துச் சொல்வதாகச் சொன்னேன்.

ராத்திரி ஹவுரா மெயிலுக்குக் கட்டிக்கொடுத்த பையில் மைதாப் பூரி, உருளைக்கிழங்கு தம், ஒரு மண்சட்டி நிறைய மிஷ்டி தோய் இருந்தன. தயிருக்கு மண்சட்டிதான் வேண்டும், நீரை இழுத்துக்கொண்டு கட்டியாக்கும். பிளாஸ்டிக் கப்பில் விற்பதை வாங்காதே என்று நண்பர் பிளாட்பாரத்திலும் பாடம் நடத்தினார். வண்டியில் என் எதிர் சீட்டில் பர்தமான் பக்கத்துத் தம்பதி. சென்னையில் இறங்கி வண்டி மாறி வேலூர் போகிறார்கள், சி.எம்.சி.யில் அம்மாவுக்கு ஆபரேஷன். அந்த வண்டியில் பாதிப் பேர் இப்படித்தான். காலையில் மெதுவாக என்னிடம் கேட்டார் கணவர்: வேலூரில் மீன் குழம்பில் தேங்காயும் புளியும் போடுவார்களாமே, கடுகெண்ணெயில் சமைக்கிற இடம் உண்டா? ஆஸ்பத்திரியைச் சுற்றி வங்காளத்தில் போர்டு போட்ட சாப்பாட்டுக் கடைகள் நிறைய இருக்கின்றன என்றேன். மேல் பெர்த்திலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. அவர் மூன்றாம் தடவை செக்கப்புக்குப் போகிறவராம். "இருக்கு, ஆனா பருப்புல சர்க்கரை போடறான்" என்றார். பர்தமான்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "போட்டா என்ன?" என்றார். நான் மண்சட்டியைத் திறந்து நடுவில் வைத்தேன். பெர்ஹாம்பூரில் ஆரம்பித்தது, விசாகப்பட்டினம் தாண்டியும் முடியவில்லை.